போட்டோவுக்குப் போன சிவப்பு வயர்

அம்பிட்டிய, கண்டி
13.9.1999

கொழும்பில் கம்பியூட்டர் புத்தகம் நடத்தும் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

காலஞ்சென்ற லெட்சுமணன் சம்சாரம் லீலாதேவி வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கக் கதிர்காமக் கந்தனை வேண்டுகிறேன். இங்கே சுகமில்லை. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள், பிழை இருந்தால் பொறுக்கவும்.

ஐயா, என் வீட்டுக்காரர் முனிசிபலில் தண்ணீர்ப் பகுதியில் வேலை பார்த்தவர். தை மாதம் விசாரணை என்று பொலிஸில் கூட்டிப்போய் இரண்டு நாளில் விட்டார்கள். வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை, பேச்சும் இல்லை, சித்திரையில் போய்விட்டார். அவர் போட்டோவுக்கு ஒரு சின்ன பல்ப் போடச் சொல்லி என் மகன் திருச்செல்வத்திடம் கேட்டேன். வாடகை அறையில் ஒரே ஒரு பிளக்தான், அதில் அவன் கம்பியூட்டர், அதில் கல்யாணக் கார்ட் அடித்துத்தான் நாங்கள் சாப்பிடுகிறோம், இன்னொரு வயர் இழுத்தால் அறையின் சொந்தக்காரர் எங்களை அறையை விட்டு எழும்பச் சொல்லுவார். அப்போதுதான், பெட்டிக்குள் கார்ட் செருகுகிற இடம் ஒன்று சும்மா கிடந்தால் அதிலிருந்தே கரண்ட் எடுக்கலாம் என்று நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினான். எழுதியபடியே செய்தான் ஐயா. பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் திறந்தான், முதலில் இரும்பைத் தொட்டுக்கொண்டான், கடைக்கார ஷிராஸ் தூக்கிப்போட்ட பழுதான கார்ட் ஒன்றில் பன்னிரண்டு வோல்ட் வருகிற இடத்தைப் பார்த்து வயரைப் பற்றவைத்து, நடுவில் அரை அம்பியர் ஃபியூசும் போட்டு, கார்டைச் சும்மா கிடந்த இடத்தில் செருகினான். காலை எட்டு மணிக்குக் கம்பியூட்டரைப் போட்டால் அவர் முகத்தில் வெளிச்சம் வரும், ஐந்து மணிக்கு நிறுத்தினால் போகும். உயிரோடு இருந்தபோதுகூட அவர் இப்படி நேரத்துக்கு வேலைக்குப் போனதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பொலிஸ்காரர்கள் செக்கிங் வந்தார்கள். தமிழ் கொஞ்சம் தெரிந்த சார்ஜன்ட் ஒருவர், பெட்டிக்குப் பின்னாலிருந்து சுவரில் ஏறிய சிவப்பு வயரைப் பிடித்துக்கொண்டார்.

"இது யாருக்குப் போறது?"

"அப்பாவுக்கு" என்றான் என் மகன்.

"அப்பா எங்க?"

"செத்துட்டாரு."

"செத்த ஆளுக்கு எதுக்குக் கரண்ட்?"

இதற்குப் பதில் உங்கள் புத்தகத்தில் இல்லை ஐயா. மகனையும் பெட்டியையும் வயரையும் போட்டோவையும் ஜீப்பில் ஏற்றினார்கள். என் வீட்டுக்காரரை இரண்டாம் முறையும் பிடித்துக்கொண்டு போனார்கள். இதெல்லாம் தெரிந்தவனுக்கு வேறு என்னென்ன தெரியும் என்றுதான் அவனைக் கேட்கிறார்களாம். திறக்கும் முன் எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதின நீங்கள், திருச்செல்வம் என்று பேர் உள்ளவன் திறந்தால் யாரிடம் சொல்லிவிட்டுத் திறக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கோபத்தில் சொல்லவில்லை. சீல் குத்தி, சிங்களத்திலும் ஒரு கடிதம் தாருங்கள். இது லேசான வேலை, புத்தகம் பார்த்து யாரும் செய்யலாம், இதனால் ஒரு எறும்பும் சாகாது, இந்தப் பையனுக்குப் பெரிய கெட்டித்தனம் ஒன்றும் இல்லை என்று எழுதுங்கள். பெற்றவள் நானே சொல்கிறேன், எழுதுங்கள்.

உங்கள் பிள்ளைகள் எந்நாளும் உங்கள் கண்முன்னாலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
லெ. லீலாதேவி

பின்குறிப்பு: தபாலில் போடப் போன வழியில் இன்று மகனைப் பார்க்க விட்டார்கள். சோதித்துப் பார்க்க அவனையே பெட்டியைப் போடச் சொன்னார்களாம். பல்ப் எரிந்ததும் இன்ஸ்பெக்டர் மாத்தையாவுக்குப் பிடித்துப்போய், அங்கேயிருக்கும் புத்தர் சிலைக்கும் அவர்கள் கம்பியூட்டரிலிருந்து அதே மாதிரி இழுக்க வைத்திருக்கிறார். இப்போது மேல்மாடிக்கும் ஒன்று வேண்டுமாம். மகன் மெல்லச் சொன்னான், "வேலை இருக்கிற வரைக்கும் அடிக்க மாட்டாங்கம்மா. சோறும் தர்றாங்க." அதனால் ஐயா, மேலே நான் கேட்டதை விட்டுவிடுங்கள். இது மகா கஷ்டமான வேலை, இலங்கையிலேயே அவன் ஒருத்தனுக்குத்தான் கைவரும் என்று எழுதுங்கள். வயர் இழுக்கிற விதம் எழுதின அந்தப் பக்கத்தை மட்டும் சிங்களத்தில் போட்டுவிடாதீர்கள். அவர்களே செய்யப் பழகிவிட்டால் என் பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை.