லிஃப்ட் மெக்கானிக்கை மாற்ற மாட்டேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் இருமல் குறைந்ததா? இங்கே நான் சுகம். என் வீட்டுக்காரரின் இடுப்புதான் சுகமில்லை. அதற்குப் பாதிக் காரணம் நீங்கள். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் மரியாதைப் பேச்சு முடியட்டும். முடிந்தது.

என் புது நாவலைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள், கூடவே ஒரு குறிப்பு. "காதலும் மர்மமும் சரியான அளவில் இருக்கின்றன. ஆனால் கதாநாயகன் லிஃப்ட் மெக்கானிக் என்பது எடுபடாது. கையில் கிரீஸ் அப்பிய ஐம்பது வயதுக்காரனை எந்த வாசகி கனவு காண்பாள்? அவனை அந்தக் கட்டிடத்தின் முதலாளியாக்கி, வயதை முப்பதுக்குள் கொண்டு வாருங்கள். ஒன்பதாம் அத்தியாயத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறுவதும் நம்பும்படி இல்லை." இதுதானே நீங்கள் எழுதியது?

முடியாது ஐயா. முடியவே முடியாது.

உங்களிடம் எழுதுகிற மற்றவர்களின் கதாநாயகர்களை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எல்லாருக்கும் இருபத்தெட்டு வயது, எல்லாருக்கும் மூன்று கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு அவன் எப்போது போகிறான் என்று ஒருத்தரும் எழுதியதில்லை. காலையில் அவள் காபியை அவன் சட்டையில் கொட்டுகிறாள், மத்தியானம் அவன் முறைக்கிறான், சாயங்காலம் மழை பெய்கிறது. நடுவில் யாரோ அவளைக் கடத்துகிறார்கள், இவன் ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறான். நான் குறை சொல்லவில்லை, அவர்கள் நன்றாக எழுதட்டும், நல்லா விற்கட்டும். ஆனால் என்னால் அப்படி எழுத முடியாது. ஏனென்றால் செய்து பார்க்காத எதையும் நான் எழுதுவதில்லை.

இது உங்களுக்குத் தெரியாது, இப்போது தெரிந்துகொள்ளுங்கள். வாரநாளில் நான் பல் டாக்டரின் வரவேற்பு மேஜையில் இருப்பவள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீடே நாவல். நான் கதாநாயகி, என் வீட்டுக்காரர் கதாநாயகன். அவர் லிஃப்ட் மெக்கானிக், இப்போது புரிகிறதா? கதாநாயகி குளியலறை ஜன்னல் வழியாகத் தப்ப முடியுமா என்று நான் பாதி உடம்பை வெளியே விட்டுத்தான் பார்த்தேன். முடியாது. அதனால்தான் அந்த நாவலில் அவள் வாசல் வழியாகவே தப்பித்தாள். விஷம் கலந்த டீயை யாரும் பார்க்காமல் மாற்றி வைக்க முடியுமா என்று சோதிக்க இரண்டு கோப்பை வைத்தேன், அவர் பேச்சு மும்முரத்தில் இரண்டையும் குடித்துவிட்டார். அதையும் வைத்து ஒரு நாவல் எழுதினேன், அதை நீங்கள் மூன்று பதிப்பு போட்டீர்கள்.

மாடிப்படிக் காட்சியையும் செய்து பார்த்தோம். ஒரு மாடி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். மீதி மூன்று மாடி என் கற்பனை. எழுத்தாளருக்கு அந்த உரிமைகூட இல்லையா?

உங்கள் குறிப்பு வந்ததும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "வாங்க, நாலு மாடியும் ஏறிக் காட்டுவோம்" என்று போன ஞாயிறு மத்தியானம் அவரைக் கிளப்பினேன். கதாநாயகியை வில்லன் கட்டிப்போட்டிருப்பான் அல்லவா, அதனால் என் கைகளை அவருடைய துண்டால் கட்டிக்கொண்டோம். முதல் மாடி தாண்டினோம். இரண்டாம் மாடியில் அவர் இடுப்பில் 'மடக்' என்று ஒரு சத்தம். என்னை மெல்ல இறக்கிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை. பொழுதை வீணாக்குவானேன் என்று நான்தான் சொன்னேன், "உட்கார்ந்தது உட்கார்ந்தீங்க, அந்த வில்லன் வசனத்தையும் ஒரு தடவை சொல்லிப் பாருங்களேன்." வில்லன் வசனத்தை எப்போதும் நானேதான் படித்துப் பார்ப்பேன், அவரிடம் கொடுத்ததே இல்லை. மனுஷன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தார் பாருங்கள், "நீ இந்தப் படியை விட்டு உயிரோட இறங்க மாட்டடி!" என்று. கூடவே ஒரு சிரிப்பு. ஐயா, கட்டிடம் முழுக்க எதிரொலித்தது.

இரண்டாம் மாடியில் ஒரு ஆடிட்டர் இருக்கிறார். கதவைத் திறந்தார், கட்டிய கையோடு என்னைப் பார்த்தார், படீரென்று கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள்.

"யாரும்மா உங்களைக் கட்டினது?"

"என் வீட்டுக்காரர்தாங்க."

"எதுக்கு?"

"நாவலுக்குங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கதையை முதல் அத்தியாயத்திலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடித்ததும் பெரியவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்புறம் அந்தப் பொண்ணு தப்பிச்சுதா இல்லையா?" என்று கேட்டார். நீங்கள் கேட்காத கேள்வி ஐயா அது. ஆடிட்டர் மட்டும் கடைசிவரை நம்பவில்லை. "இவர் குரலா அது? தினம் படியில பார்க்கிற மனுஷன்! எனக்குக் கை காலெல்லாம் உதறிப்போச்சு சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் அந்த மூன்று பேரும் சேர்ந்துதான் என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு வந்து நான்காம் மாடியில் எங்கள் வீட்டில் விட்டார்கள். ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவது நம்பும்படி இல்லையா, சொல்லுங்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாதது இதற்குப் பிறகுதான். அன்றிலிருந்து அவர் சரியாகப் பேசுவதில்லை. கண்ணாடி முன்னால் போய் நிற்கிறார். தன் முகத்தையே உற்றுப் பார்க்கிறார். நான் உள்ளே போனால் சட்டென்று நகர்ந்துவிடுகிறார். மேஜைமேல் பார்த்தால் உங்கள் குறிப்பு திறந்து கிடக்கிறது.

"என்னங்க, இதைப் படிச்சீங்களா?" என்றேன்.

"படிச்சேன். சரியாத்தானே எழுதியிருக்காரு. முதலாளியாவே மாத்திடேன்" என்றார்.

என் வயிறு எரிந்தது ஐயா. இன்னும் எரிகிறது. நீங்கள் ஒரு நிமிஷத்தில் எழுதிப்போட்டது, எங்கள் வீட்டில் ஒரு மனுஷனைக் கண்ணாடி முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். என் இளவயதில் நான் ஒரு லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். இருட்டு, தனியாள், கத்திக் கத்தித் தொண்டை வறண்டுவிட்டது. அந்தக் கட்டிடத்துக்கும் ஒரு முதலாளி இருந்தார், அவர் வரவில்லை. மெக்கானிக்தான் வந்தார். கதவிடுக்கு வழியாக, "பயப்படாதீங்க, ஏதாச்சும் பாட்டு தெரியுமா, பாடிட்டிருங்க" என்றார். எனக்கு எதுவும் வாயில் வரவில்லை. அவரே பாடினார். காது கொடுத்துக் கேட்க முடியாத பாட்டு. கதவைத் திறந்து கிரீஸ் கையை நீட்டினார், நான் பிடித்தேன், இன்னும் விடவில்லை. எந்த வாசகி கனவு காண்பாள் என்று கேட்டீர்களே, நான் கண்டேன். போதாதா?

ஆகவே கடைசியாகச் சொல்கிறேன். கதாநாயகன் லிஃப்ட் மெக்கானிக்தான். வயது ஐம்பதுதான். கையில் கிரீஸ் இருக்கும். நான்கு மாடியும் ஏறுவான். ஒரு காற்புள்ளியைக்கூட நகர்த்த மாட்டேன். போடுவதானால் போடுங்கள், இல்லையென்றால் உங்களுக்கு எதிரில் பதிப்பகம் விரித்திருக்கிறாரே, அவரிடம் கொடுத்துவிடுவேன். அங்கே என்னை உட்காரவைத்து டீ கொடுப்பார்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் அன்பு. அவர் என் நாவல்களை உங்களுக்குத் தெரியாமல் படிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், உங்கள் இருமல் ஒழியட்டும், அச்சகத்துக்காரர் சொன்ன தேதியில் தரட்டும்.

இப்படிக்கு,
எதையும் மாற்ற மாட்டாத,
உங்கள் பதிப்பகத்தின் மர்மக்காதல் எழுத்தாளர்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் முன் என் வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டே. "நான் எப்ப ஹீரோ வேணும்னு கேட்டேன்? இத்தனை வருஷமா நல்லவனாவே இருந்து சலிச்சுப்போச்சு. என்னைப் பார்த்து இதுவரைக்கும் ஒரு ஆளு பயந்ததில்ல. அன்னைக்கு அந்த ஆடிட்டர் நடுங்கினாரு பாரு! ஹீரோவை யாருக்கு வேணும்னாலும் கொடு, என்னை வில்லனாப் போடு" என்கிறார். கண்ணாடி முன்னால் நின்றதெல்லாம் ஒற்றைப் புருவத்தைத் தூக்கிப் பழகத்தானாம்!

ஆகவே, மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். நீங்கள் சொன்னபடியே முதலாளிதான் கதாநாயகன். வயது இருபத்தெட்டு, வேண்டுமானால் ஹெலிகாப்டரும் தருகிறேன். லிஃப்ட் மெக்கானிக் வில்லன். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் வில்லன் சாவதை எடுத்துவிட்டேன், அவன் கடைசிப் பக்கம் வரை இருப்பான். இதை எழுதும்போதே உள்ளே சிரித்துப் பழகிக்கொண்டிருக்கிறார், கீழே ஆடிட்டர் வீட்டில் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கிறது.

முடிவில் கதாநாயகி யாரோடு போவாள் என்று கேட்பீர்கள். செய்து பார்க்காத எதையும் நான் எழுதுவதில்லை என்று சொன்னேனே. அந்த முதலாளியோடு அவள் போக மாட்டாள். இதில் நீங்கள் கை வைத்தால் நாவல் கிடையாது.