ரெண்டு ரோசக்காரர்களும் ஒரு சோடி மாடும்

என் கூட்டாளி குருசாமி என் முன்னால் வந்து நின்று, "தப்புத்தான்" என்று சொல்லும்வரை அவனோடு பேசுவதில்லை என்று சபதம் எடுத்தேன். வெள்ளைக்காரன் இருந்த காலம் அது. வீரபாண்டித் திருவிழாவில், என் மச்சினன்மார் காதுபட அவன் சொன்னான்: "சுருளியும் அவன் மாடும் ஒண்ணு. நல்லாத் திங்கும். ஏர்ல பூட்டுனா படுத்துக்கிரும்."

எனக்கு ரோசம் அதிகம். மாடுதான் குறைச்சல். என்னிடம் ஒன்று, அவனிடம் ஒன்று. குச்சனூரில் எங்கள் இரண்டு வயலையும் அந்தச் சோடிதான் உழுதாக வேண்டும். முல்லையாற்றில் தண்ணீர் வந்தது. ஊரே உழுதது. நாங்கள் ஆளுக்கொரு மாட்டைப் பிடித்துக்கொண்டு, வரப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வானத்தைப் பார்த்து நின்றோம்.

ஒரு காலையில் என் மனைவி பஞ்சம்மாள் கம்மங்கூழை வைத்துவிட்டுச் சொன்னாள்: "குருசாமியண்ணன் சரியாச் சாப்பிடுறதில்லையாம். அவுக பெண்டாட்டி பவுனு சொன்னா."

"செரிச்சிருக்காது."

"உங்கள நெனச்சு அழுதாகளாம்."

"அழுதானா?"

"நேர்ல வந்து தப்புன்னு சொல்லக் கூச்சமாம். நீங்க போய் நின்னாப் போதும்."

எனக்கு மனசு இளகிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மன்னிக்கப் புறப்பட்டேன்.

குருசாமி வாசலிலேயே காத்திருந்தான். பெரிய மனுசன் மாதிரி என் தோளைத் தட்டினான்.

"விடு சுருளி. இதுக்குப் போயி அழுவாகளாலே?"

"யாரு அழுதா?"

"நீதான். பவுனு சொன்னாளே."

ஒருவரையொருவர் பார்த்தோம். விசயம் புரிந்தது. கோபப்படவேண்டிய இடத்தில் அவன் வெத்தலைப் பையை என் பக்கம் நீட்டினான்.

"நீ இல்லாம வெத்தலை கூட ருசிக்கலலே," என்றான்.

அதற்குமேல் அழுதது யார் என்று கேட்காதீர்கள். இரண்டு துண்டும் நனைந்தன. அன்று மாலைக்குள் அவன் வயலில் பாதி உழுதோம். அந்த ஈரமண் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

ஆனால் ஆம்பளைகளை ஏமாற்றலாமா? பொய் சொன்னதை ஒத்துக்கொள்ளும்வரை அவரவர் பெண்டாட்டியோடு பேசுவதில்லை என்று ஏர் ஓட்டிக்கொண்டே முடிவு செய்தோம். வீட்டுக்கு வந்து கண்டிப்பாகச் சொன்னேன்.

"இனிமே உன்கூடப் பேச மாட்டேன்."

"சரிங்க," என்றாள் பஞ்சம்மாள்.

அப்படியொரு நிம்மதியை அவள் முகத்தில் நான் அதுவரை பார்த்ததே இல்லை.