கதவுக்குக் குறுக்கே ஒரு பாலம்

"சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. இதுல நாங்க என்னத்தப்பா ஓட்டுறது?" என்றான் வால்ட், கோட்டை மாட்டிக்கொண்டே. "அடுத்த தடவையும் இப்படித்தான்னா, இனிமே எல்லாரும் என் வீட்டுலதான்."

மாதிரி ரயில் ஓட்ட ஹார்லனின் நிலவறைக்கு வந்த வால்ட், ஆர்விட், எம்மெட் மூவரும் காப்பி ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார்கள். அமெரிக்காவின் துலூத் நகரத்துக் குளிர்காலத்தில், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட அவமானம் கிடையாது.

ஹார்லன் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினான். மாவு மில், மரக்கிடங்கு, துறைமுகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளைப்பாதை. ரயில் ஓடும் மேசை வளர்ந்து நிலவறை வாசலை அடைத்தது. கதவுக்குக் குறுக்கே, தண்டவாளம் பதித்த தூக்குப்பாலம் வைத்தான். இப்போது ரயில்கள் ஒன்றோடொன்று முட்டின. சமையலறையிலிருந்து தொலைபேசியில் உத்தரவு கொடுக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் சொல்லாமல் ஒரு சக்கரமும் உருளக் கூடாது என்று முடிவு செய்தான். மனைவி மார்லீனைக் கேட்டான். கேட்டவுடனே சம்மதித்தாள், அதுவே அதிசயம்தான்.

நண்பர்கள் மறுபடி கூடிய சனிக்கிழமை மதியம் ஆர்விட்டின் சரக்கு ரயில் பாலத்தில் ஏறியது.

"அங்கேயே நில்லு. நான் சொல்ற வரைக்கும் யாரும் அசையக் கூடாது," என்றாள் மார்லீன் தொலைபேசியில்.

நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். ரயில் நகராமல் பாலத்தைத் தூக்க முடியாது; பாலத்தைத் தூக்காமல் யாரும் வெளியே போக முடியாது. ஹார்லன் கூப்பிட்டுப் பார்த்தான். மணி அடித்ததே தவிர, யாரும் எடுக்கவில்லை.

"ரயிலைக் கையால தூக்கி ஓரமா வெச்சுட்டா?" என்று கேட்டான் ஹார்லன்.

"உத்தரவு இல்லாமலா?" ஆர்விட் பதறினான். "நாம என்ன பொம்மை வெச்சா விளையாடுறோம்?"

வால்ட் கடிகாரத்தைப் பார்த்தான். போச்சு, மானம் கப்பலேறிவிட்டது என்று ஹார்லன் மறுபடியும் தொலைபேசியை எடுத்தான்.

"டேய் ஹார்லன்," என்றான் வால்ட், "நான் நிஜ ரயில்லயே ஆயுசைக் கழிச்சவன். காரணமே சொல்லாம நடுக்காட்டுல நிறுத்தி வைப்பான் பாரு, அச்சு அசலா அப்படியே இருக்குடா!"

"கூப்பிட்டாலும் எடுக்க மாட்டான்!" என்று பூரித்தான் எம்மெட்.

எதனால் நிற்கிறோம் என்று வாதாடினார்கள். மேலிடத்தை வாயாரத் திட்டினார்கள். பொழுது போனதே தெரியவில்லை. ஹார்லனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

இருட்டும் வேளையில் "போகலாம்" என்று உத்தரவு வந்தது. ரயில் நகர்ந்தது, பாலம் உயர்ந்தது, கோட்டெல்லாம் பனியோடு மார்லீன் உள்ளே வந்தாள்.

"மார்லீன், இனி மாசாமாசம் இங்கதான்!" என்றான் வால்ட்.

"அப்படியா? அப்ப உங்க பொண்டாட்டிங்களுக்கும் சேர்த்து அடுத்த மாச நாடகத்துக்கு டிக்கெட் எடுத்துடறேன். இன்னிக்கு நாங்க நாலு பேரும் பார்த்தது பிரமாதம்."