மேசைக்கு இரண்டு பேர்

“எத்தனை பேரு?” என்று வாசலில் பெயர் எழுத உட்கார்ந்திருந்த ஃபெர்ன் கேட்டாள்.

“ரெண்டு” என்றார் நார்பர்ட் க்ருகோவ்ஸ்கி.

சொன்ன பிறகுதான் உறைத்தது. விஸ்கான்சினில் ஏரியோரத்து அந்தச் சிற்றூரின் போலிஷ் சங்கத்தில், இறைச்சி தொடாத தவக்கால வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு வரும்போதெல்லாம், கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லிவந்த பதில் அது. மனைவி டோலோரஸை நவம்பரில் அடக்கம் செய்தாயிற்று. அதன் பிறகு இன்றுதான் வருகிறார். வீட்டில் கண்ணாடி முன் நின்று “ஒண்ணு” என்று சொல்லிப் பழகினார். காரிலும் சொல்லிக்கொண்டே வந்தார். தனியாக உட்கார்ந்து ஒரு தட்டு மீன் சாப்பிட்டுவிட முடிந்தால், மீதி நாட்களையும் எப்படியாவது தள்ளிவிடலாம் என்பது அவர் கணக்கு.

ஃபெர்ன் அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். டோலோரஸின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தவர்களில் அவளும் ஒருத்தி.

“ரெண்டா?”

திருத்த அதுதான் நேரம். “ஒண்ணு” தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே அழுகையும் வருவது தெரிந்ததும் இரண்டையும் சேர்த்து விழுங்கினார்.

“ஆமா. அவ காரை நிறுத்திட்டு வர்றா.”

“அவளா?”

வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

பெயர் கூப்பிடும்வரை மதுக்கூடத்தில் காத்திருப்பது வழக்கம். நார்பர்ட் ஒரு பிராந்தியை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். செய்தி அவருக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது. எப்போதும் முதுகில் தட்டுகிறவர்கள்கூட இன்று தலையை மட்டும் அசைத்தார்கள். எல்லா முகங்களும் தொங்கிப்போயிருந்தன.

வீட்டுக்கே போய்விடலாம் என்று வாசலுக்கு நழுவினார்.

“எங்க கிளம்பிட்ட?” என்றாள் ஃபெர்ன்.

“அவளை இன்னும் காணோம். பாத்துட்டு வர்றேன்.”

“இந்தப் பனியிலயா? நீ இரு. நான் போய்க் கூட்டிட்டு வர்றேன். எப்படி இருப்பா?”

“வேண்டாம். அவ வந்தாச்சு.”

“எப்போ?”

“இப்பதான். பக்கவாட்டு வாசல் வழியா. பாத்ரூம் போயிருக்கா.”

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரத்தது. “க்ருகோவ்ஸ்கி, ரெண்டு பேர். க்ருகோவ்ஸ்கி, ரெண்டு பேர்.”

கூடமே திரும்பியது. நீண்ட மேசைகளில் எங்கே இடம் காலியோ அங்கேதான் உட்கார வேண்டும். காலியாக இருந்தது டோலோரஸின் அண்ணன் கிளாரன்ஸுக்கும் அவர் மனைவி ஆர்லீனுக்கும் எதிரே.

“வா மாப்ளே” என்றார் கிளாரன்ஸ். அந்தச் சொல்லுக்குள் இவ்வளவு குளிரை அடைக்க முடியும் என்று நார்பர்ட்டுக்கு இதுவரை தெரியாது. “யாருன்னு கேக்கலாமா?”

“தெரிஞ்சவங்கதான், மச்சான்.”

“இந்த ஊரா?”

“மில்வாக்கி.”

“மில்வாக்கியில இல்லாத மீனா?”

“அங்க மாவு ரொம்பத் தடிமனாம்.”

கிளாரன்ஸ் அதை யோசித்துப் பார்த்தார். ஆர்லீன் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

“இவ்வளவு நேரமாவா பாத்ரூம்ல இருக்கா? உடம்புக்கு முடியலையோ என்னவோ. நான் பாத்துட்டு வர்றேண்ணே.”

“வேணாம்மா. அவளுக்குக் கூச்ச சுபாவம்.”

“நானும் பொம்பளைதானே, என்கிட்ட என்ன கூச்சம்?” என்று எழுந்து போய்விட்டாள்.

தட்டுகள் வந்தன. இரண்டு. பொரித்த ஏரி மீன், ரை ரொட்டி, கோஸ் சாலட், உருளைக்கிழங்கு அடை. காலி நாற்காலிக்கு முன்னால் இருந்த தட்டிலும் அதே அளவு ஆவி பறந்தது. டோலோரஸ் இருந்திருந்தால் இந்நேரம் தன் கோஸை இவர் தட்டில் தள்ளிவிட்டு, இவருடைய மொறுமொறு வால் துண்டை எடுத்துக்கொண்டிருப்பாள்.

தட்டு காலியாக இருந்தால் வந்தாள், சாப்பிட்டாள், போனாள் என்று சொல்லிக்கொள்ளலாமே என்று தோன்றியது. நார்பர்ட் அந்தத் தட்டை இழுத்து அவசர அவசரமாகத் தின்ன ஆரம்பித்தார்.

“அவ மீனை ஏன் நீ தின்ற?”

“ஆறிடும்.”

“உன்னோடது ஆறாதா?”

பதில் சொல்ல வாயில் இடமில்லை. சுடச்சுட மீன் நாக்கைப் பொசுக்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. நாக்குச் சூடு அடங்கிய பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. கோஸைத் தொட்டதும் அதற்கு மேல் முடியவில்லை.

“யாரும் இல்ல, மச்சான்” என்றார். “மில்வாக்கி இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வாசல்ல எத்தனை பேருன்னு கேட்டாங்க. ஒண்ணுன்னு சொல்ல வாய் வரல. அவ்வளவுதான்.”

கிளாரன்ஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நார்பர்ட் தலையைக் குனிந்துகொண்டார். கிளாரன்ஸ் திட்டவில்லை. பாதி தின்ற அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, “ஆர்லீன் எங்க போனா?” என்று கேட்டார்.

ஆர்லீன் வந்துகொண்டிருந்தாள். பாத்ரூம் பக்கமிருந்து அல்ல, வாசல் பக்கமிருந்து. தோளில் பனி ஒட்டியிருந்தது. கஷ்டமான காரியம் ஒன்றை முடித்துவிட்டவளின் முகம்.

“யாருமே இல்லையாம்டி” என்றார் கிளாரன்ஸ். “பழக்கத்துல ரெண்டுன்னு சொல்லிட்டானாம்.”

ஆர்லீன் காலி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“‘அவருக்குத் தனியா உக்காந்து சாப்பிட வராது, எதிர்ல போய் உக்காரு’ன்னு டோலோரஸ் சாகறதுக்கு முன்னாடி அவ சிநேகிதி மார்செல்லாகிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. வெள்ளிக்கிழமை தவறாம உங்களுக்காக இங்க காத்துக்கிடந்த அந்த மார்செல்லாவைத்தான், ‘அவருக்கு ஆள் வந்தாச்சு, நீ போ’ன்னு இப்ப கார் ஏத்தி அனுப்பிட்டு வர்றேண்ணே.”