கருங்கல்லில் முடி முளைத்த கார்

ஒன்றும் தெரியாதவனால் உலகத்துக்குப் பெரிய சேதம் வருவதில்லை. அவன் பாதியில் பயந்து நிறுத்திவிடுவான். நடைமுறை தெரிந்தவன் அப்படியல்ல. கடைசிவரை முறையாகச் செய்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். நான் இரண்டாவது வகை. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தக் கோப்பு எந்த மேசை வழியாகப் போகவேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். (கேட்காமலே சொல்லியிருக்கிறேன் என்கிறாள் மனைவி.)

ஓய்வு பெற்ற கையோடு ஒரு கறுப்புக் கார் வாங்கினேன். அதிகாரத்துக்குக் கறுப்புதான் பொருத்தம் என்று ஒரு நினைப்பு. அதிகாரம் போய்விட்டதை யாரும் எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்கவில்லை. தினமும் காலையில் காரைக் குளிப்பாட்டினேன், தேங்காய் நார்த் தும்பு வைத்துத் தேய்த்து. எங்கள் வீட்டு வெண்கல உருளியைத் தங்கம்போல ஆக்குகிற தும்பு காரை மட்டும் என்ன செய்துவிடும்? சிலந்தி வலை பின்னியதுபோல வண்டி முழுக்க மெல்லிய கீறல்களைச் செய்தது. நிழலில் தெரியாது. வெயிலில் நிறுத்தினால் மட்டும் ஒவ்வொன்றும் எழுந்து நின்று வணக்கம் சொல்லும்.

இந்த நிலையில் என் தங்கை மகள் சுஜாவுக்குக் கல்யாணம் வந்தது. அவர்கள் வீடு கருங்கல் என்ற ஊரில், மண்டபம் நாகர்கோவிலில். பெண்ணைத் தாய்மாமன் காரில்தான் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தவனும் நான்தான். நல்லதாக ஒரு வாடகைக் கார் பேசலாம் என்றார் தங்கையின் கணவர்.

"தாய்மாமன் நான் உயிரோட இருக்கும்போ எம்பிள்ள வாடகைக் கார்ல போவாளோவே?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வீடியோ எடுப்பவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"சார், பொண்ணு எறங்குதத பக்கத்துல நின்னு எடுப்போம். இந்தக் கீறலெல்லாம் அப்படியே விழும், கேட்டேளா."

"பாலீஷ் போட்டா போகாதா?"

"போகும். பட்டறையில ஒரு நாள் விடணும். இனி எங்க சமயம்?"

மனைவி கல்யாண வேலைக்காகக் கருங்கல்லுக்குப் போய்விட்டாள். தடுக்க ஆளில்லாத வீட்டில் முறைப்படி யோசித்தேன். வறண்ட மரக்கதவில் எண்ணெய் தடவினால் கீறல் மறைகிறது. கர்ப்பகிருகத்துச் சிலைக்கும் எண்ணெய்தான் மெருகு. ஆகவே தேங்காயெண்ணெய். முதலில் டிக்கியின் மூலையில் சோதனை, பிறகு டியூப் லைட் வெளிச்சத்தில் ஆய்வு, பிறகு ஒப்புதல். மூன்றுக்கும் அதிகாரி நானே. பழைய வேட்டியைக் கிழித்து, எண்ணெயில் தோய்த்து, தலை முதல் கால்வரை தேய்த்துவிட்டேன். கீறல் ஒன்றுகூட இல்லை. கார் மூலவர்போல மின்னியது. கன்னத்தில் போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி.

மறுநாள் விடிந்ததும் புறப்பட்டேன். கருங்கல் சந்தையை நெருங்கும்போது தங்கை போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, பொண்ணுக்குக் கொடுக்க உள்ள தலையணை சந்தையில பஞ்சுக் கடையில இருக்கு. வார வழியில எடுத்திட்டு வந்திரு."

கடை வாசலிலேயே உட்கார்ந்து இலவம் பஞ்சை அடைத்துக்கொண்டிருந்தார்கள். மேல்காற்று நல்ல உற்சாகத்தில் இருந்தது. கடைக்காரர் என் காரைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

"அண்ணாச்சி, வண்டிய அந்தப் பக்கம் விடுங்கோ. பஞ்சு பறக்கும்."

"இங்க நிறுத்தப்பிடாதுன்னு போர்டு உண்டா?"

"போர்டெல்லாம் இல்ல..."

"அப்போ இங்கதான் நிக்கும்."

உள்ளே போய் ஒவ்வொரு தலையணையாகத் தையலை இழுத்துப் பார்த்து, ஒன்றைத் திருப்பித் தைக்கச் சொல்லி, திருப்தியோடு வெளியே வந்தேன். என் காரைக் காணோம். அது நின்ற இடத்தில் வெள்ளையாக, கார் அளவில் ஒரு செம்மறியாடு நின்றது.

"ஏலே, காருக்கு முடி மொளச்சிருக்கு பாருலே!" என்று ஒருவன் கத்தினான். "சலூன் அந்தால இருக்கு, அண்ணாச்சி" என்றான் இன்னொருவன்.

துண்டால் துடைத்தேன். துண்டுக்கும் முடி முளைத்தது. தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் எண்ணெய்மேல் வழுக்கி ஓடிவிட்டது, பஞ்சு இருந்த இடத்திலேயே இருந்தது. முகூர்த்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியை மட்டும் வழித்துவிட்டு ஓட்டினேன்.

தங்கை வாசலில் காரைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். அவள் கணவர், "என்னவே இது?" என்றார். அதற்குமேல் அவருக்கு வரவில்லை. மனைவி பானெட்டில் ஒரு விரலை வைத்து இழுத்து, மூக்கருகே கொண்டுபோனாள்.

"தேங்காயெண்ணெ" என்றாள். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட தாம்பத்தியத்தின் சாரம் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

சனமெல்லாம் வேனில் போய்விட்டது. வேறு வண்டி வரவழைத்தால் முகூர்த்தம் தப்பும். அலங்காரத்தோடு வெளியே வந்த சுஜா காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்மை கரைந்தது.

"மாமா, பட்டு அழுக்காகாம நான் ஏறினா போரும். தாலி கட்டுத நேரம் போச்சுன்னா பின்ன எந்தக் கார்ல போயி என்ன? எடுங்கோ வண்டிய."

கதவில் போர்வையைப் போர்த்தி அவளை ஏற்றினோம். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர்கள் வழிநெடுக முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். எவ்வளவு பறந்தும் கார் வழுக்கையாகவில்லை. மண்டப வாசலில் நிறுத்தினேன். மேளச் சத்தத்துக்கு நடுவே மாப்பிள்ளையின் அப்பா என்னையே நோக்கி வந்தார். சொல்லவேண்டிய மன்னிப்பை மனதுக்குள் வரைவு செய்துகொண்டிருந்தேன்.

"பொண்ணு மேகத்துல இருந்து எறங்கி வந்த மாதிரில்லா இருக்கு! யாருக்க அலங்காரம் இது?"

தங்கையின் கணவருக்கு அப்போதுதான் பேச்சு திரும்பியது.

"எங்க மச்சானுக்க கைவேலையாக்கும். நேத்தே இருந்து செய்தாரு."

நான் அடக்கமாகத் தலையசைத்தேன். தாலி குறித்த நேரத்தில் ஏறியது. வீடியோவில் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

உண்மை வெளிவர ஒரு வாரம் ஆகவில்லை. அன்றிலிருந்து என் காரில் ஏறும் உறவினர் யாரானாலும், சம்பந்தி வீட்டார் உட்பட, முதலில் பானெட்டில் ஒரு விரலை வைத்து இழுத்து, மோந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத்தான் ஏறுகிறார்கள். போன மாதம் சுஜா தன் மூன்று வயது மகளோடு வந்திருந்தாள். குழந்தை காருக்கு முன்னால் நின்றது. எட்டி ஒரு விரலை வைத்தது, மோந்தது, பெரிய மனுஷிபோலத் தலையாட்டியது, பிறகு கதவைத் திறக்கச் சொன்னது. எதற்கென்று அதற்குத் தெரியாது. காரில் ஏறுவதற்கு அதுதான் நடைமுறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

நான் கதவைத் திறந்துவிட்டேன். நடைமுறையைச் சரியாகப் பின்பற்றுகிறவர்களை என்னால் குறை சொல்ல முடியாது.