மூன்று காலும் ஒரு மீன்கொத்தியும்

மீன்கொத்தி இன்றைக்கும் பறந்துவிட்டது.

பரவனாற்றங்கரையில் இசக்கிமுத்து காமிராவில் கண்ணை வைத்து, விரலைப் பட்டனுக்குக் கொண்டுபோவதற்குள் எங்கிருந்தோ ஓர் ஆடு வந்து இருமியது. நேற்று யாரோ துணி துவைத்தார்கள்.

அவர் தளரவில்லை. சுரங்கத்தில் ராட்சச இயந்திரத்தை ஓட்டுகிற மனுஷன், ஒரு பிடிப் பறவையிடம் தோற்பதா? டவுன்ஷிப் கிளப் கண்காட்சிக்கு இந்தப் படம்தான். பரிசை மாட்டக் குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணியும் அடித்தாயிற்று.

"பேசாம ஆணியைப் படம் எடுங்க. அது பறக்காது" என்றாள் மனைவி சந்திரா.

கை ஆடுவதுதான் கோளாறு என்று முடிவுகட்டினார். சர்வே செக்‌ஷன் கருணாகரனிடம் கெஞ்சி, நிலம் அளக்கும் கருவியை நிறுத்துகிற மூன்று கால் ஸ்டாண்டை வாங்கிவந்து கரையில் ஊன்றினார்.

வயலிலிருந்து குழந்தைவேல் ஓடிவந்தார். "சுரங்கத்துக்கு எடுக்கவா நெலம் அளக்கறீங்க சார்?"

"சேச்சே, மீன்கொத்தியைப் போட்டோ எடுக்கேன்."

குழந்தைவேல் ஸ்டாண்டைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். தினமும் வந்து தாராளமாக எடுக்கச் சொன்னார். மறுநாள் அவர் மனைவி விருத்தாம்பாள் டீ கொண்டுவந்தாள். வந்தவள் செருமினாள். பறவை போயிற்று.

ஆட்களை அண்டவிடாதீர்கள் என்று குழந்தைவேலைக் கேட்டுக்கொண்டார். காவலுக்கு ஒரு கூட்டமே வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசியது.

காக்கியும் ஹெல்மெட்டும் போட்டால் பயந்து ஒதுங்குவார்கள் என்று அப்படியே வந்தார். பொங்கலும் சட்னியும் வந்தன. அன்றைக்கு மேட்டில் ஒரு ஜீப் வந்து நின்றது. உள்ளே இருந்தவர் இவரைப் பார்த்துக் கையாட்டினார். இவரும் ஆட்டினார். ஜீப் திரும்பிப் போய்விட்டது. தன் பெயர் அதற்குள் பரவிவிட்டதில் இசக்கிமுத்துவுக்கு ஆச்சரியமில்லை.

கண்காட்சிக்கு முந்தைய நாள் மீன்கொத்தி வாயில் மீனோடு, காமிராவைப் பார்த்தே உட்கார்ந்தது. இசக்கிமுத்து மூச்சை அடக்கினார்.

விருத்தாம்பாள் டீச்சொம்பை ணங்கென்று கல்லில் வைத்தாள்.

வெறும் கிளை ஆடியது. அவர் ஸ்டாண்டை மடக்கப் போனார். "போதும்மா. நாளையிலேருந்து நான் வரலை."

"அப்படிச் சொல்லாதீங்க சார்" என்றாள் விருத்தாம்பாள். "நீங்க மூணு காலை ஊனிக்கினு நிக்கறதாலதான், 'இங்க நம்ம ஆளு அளக்கறாரு'ன்னு சர்வே ஜீப்பு ரெண்டுவாட்டி திரும்பிப் போச்சு. படம் கெடைச்சா நீங்க வரமாட்டீங்களேன்னுதான், முறை வச்சிக்கினு அந்தக் குருவிய வெரட்டறோம்."