முத்துக்குமாருவின் பூட்டுப் போன்

பின்னேரம் நாலு மணிக்குள் பதினெட்டுக் குடும்பங்களின் பெயரையும் விதை கொடுக்கும் திணைக்களத்தின் செயலியில் பதியாவிட்டால், இந்தப் போகத்துக்கு விதை உருளைக்கிழங்கு கிடையாது. வட்டுக்கோட்டைப் பக்கத்துச் சின்ன விவசாயச் சங்கமொன்றின் தலைவர் முத்துக்குமாரு. அவருடைய போனோ அந்தச் செயலியை உள்ளே விடமாட்டேனென்று அடம்பிடித்தது.

அந்தப் பொறுப்பை யாரும் அவர் தலையில் கட்டவில்லை.

"மகன் லண்டனிலையிருந்து அனுப்பினது. உங்கடை போன் மாதிரிப் படலை திறந்து கிடக்கிற வளவில்லை. கண்டது நிண்டது உள்ளை வராது. நான் பதியிறன்!" என்று கூட்டத்தில் அவராகவே வாயைக் கொடுத்தார்.

"அண்ணை, என்ரை போனிலை பதிவமோ?" என்றார் பொருளாளர் பரமலிங்கம்.

"தலைவர் நான் இருக்க, நீ பதியிறதோ?"

பரமலிங்கம் செயலியை அனுப்பிப் பார்த்தார். தலைவரின் போன் அதைத் திறக்கவே இல்லை. முத்துக்குமாரு போனுக்குள் இருந்த செயலிக் கடையில் தேடி அமத்தினார். 'அனுமதி கேட்கப்பட்டது' என்றது. கொஞ்சத்தில் 'மறுக்கப்பட்டது' என்றது. ஆறு தரம் கேட்டார், ஆறு தரமும் மறுப்புத்தான். கோபத்தில் கடவுச்சொல்லை ஊகித்து அடிக்க, போன் ஒரு மணித்தியாலத்துக்குப் பூட்டிக்கொண்டது. சனியன்!

பஸ் ஏறி யாழ்ப்பாணத்துப் போன் கடைக்கு இருவரும் ஓடினார்கள். மணி மூன்றே முக்கால். கடைக்காரி ஷம்னா, அதற்குள் பூட்டு விட்டிருந்த போனை வாங்கிப் பார்த்தாள்.

"ஐயா, போன் பழுதில்லை. இதிலை உங்களைப் பத்து வயசுப் பிள்ளையெண்டு பதிஞ்சிருக்கினம். வீட்டிலை பெரியாள் ஓமெண்டால்தான் எதையும் ஏத்தலாம்."

கடையில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. பரமலிங்கம் சிரிப்பை அடக்க இருமினார். முத்துக்குமாருவுக்கு நிலம் பிளந்தால் உள்ளே இறங்கிவிடலாம் போலிருந்தது.

"ஆர், பிள்ளை, அந்தப் பெரியாள்?"

"சிவக்கொழுந்து எண்டு கிடக்கு."

அவருடைய மனைவி! 'உனக்கு இதொண்டும் விளங்காது' என்று காலையிலும் அவளை ஏசிவிட்டுத்தான் வந்திருந்தார். உடனே அவளை அழைத்தார். பதற்றத்தில் ஒலிபெருக்கியையும் அமத்திவிட்டார்.

"இஞ்சரப்பா, கெதியா ஓமெண்டு குடு! பதினெட்டுக் குடும்பத்தின்ரை விதை!"

சிவக்கொழுந்தின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"பதினெட்டுப் பேற்றை பெண்டுகளும் காலமையே வந்து என்ரை போனிலை பதிஞ்சிட்டுப் போட்டினமப்பா, நீங்கள் உள்ளை போனால் எல்லாப் பேரும் ஏற்கெனவே கிடக்கிறதைக் கண்டு வெக்கப்படுவியளெண்டுதான், ஒவ்வொருதரமும் வேண்டாமெண்டு அமத்தினனான்."